கறுவலுக்குக் கட்டிய நூல்

சுவிற்சர்லாந்தைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் இங்குள்ள வீட்டுச் சுவர்களில் பொருத்தியிருக்கும் பூனை ஏணிகளைப் படம் எடுப்பார்கள். மாடிப் பல்கனியிலிருந்து நிலம்வரை திரும்பித் திரும்பி இறங்கும் ஒடுங்கிய பலகைகள். பூனை நினைத்த நேரம் இறங்கலாம், நினைத்த நேரம் ஏறலாம். பூனைக்கும் தனி வாசல் வைத்த நாடு, என்ன வடிவு என்பார்கள். போன கோடையில் லண்டனிலிருந்து வந்த என் சிநேகிதியும் இதையேதான் சொன்னாள். எனக்கு வந்த கொதியில் அவளை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிடலாம் போலிருந்தது. பாவம், அவளுக்கு என்ன தெரியும். எங்கள் வீட்டுப் பல்கனியிலும் ஒருகாலத்தில் அப்படி ஓர் ஏணி இருந்தது. என் பூனையை வெளியே துரத்துவதற்கென்றே அதைக் கட்டினார்கள். அதுவும் எதற்காக? ஒரு சிவப்புப் பாஸ்போட்டுக்காக.

அப்போது எனக்குப் பத்து வயது. பாடன் நகரின் மேட்டுப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு இயந்திர உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அம்மா அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போவார். கட்டடத்துக்கு முன்னால் ரயில் நிலையத்துக்கு இறங்கும் பஸ் வீதி, வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயியின் புல்வெளி, அதற்கு அப்பால் நரிகள் இருக்கிற காடு. அதற்கு முந்தின வருடம் அப்பாவோடு வேலை செய்த ஒருவரின் பண்ணையில் பூனை குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றை நான் அழுது குளறி வாங்கிவிட்டேன். தலையிலிருந்து வால்வரை கறுப்பு. கறுவல் என்று அப்பா பெயர் வைத்தார்.

அம்மாவுக்கு அது எப்போதும் ‘கண்டறியாத பூனை’தான். தொடமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் கிடையாது என்பதால் கறுவலின் சாப்பாட்டுக் கோப்பையும் பல்கனிக்குப் போய்விடும். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அதைப் பாதுகாக்கிற பொறுப்பை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூட நூலகத்தில் பூனை வளர்ப்புப் புத்தகம் எடுத்துப் படித்தேன். இங்குள்ள ஜன்னல்கள் மேல்பக்கமாகச் சரிந்து திறக்கும். அந்த இடைவெளியால் வெளியே போக எத்தனிக்கும் பூனை வழுக்கி, இடையில் செருகி, இறுகியே செத்துவிடும் என்று அதில் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஜன்னலும் சரிக்கப்படவில்லை. அம்மா மீன் பொரித்தாலும் சரி, மிளகாய் வறுத்தாலும் சரி, எல்லோரும் சேர்ந்து இருமினோம்.

இப்படி ஒரு வருடம் நிம்மதியாகப் போனது. அதைக் கெடுத்தவள் கீழ்வீட்டு மனுசி.

அவள் ஓய்வுபெற்ற சுவிஸ் மனுசி, தனியாக இருந்தாள். நிலத்தளத்தில் அவளுக்குச் சின்னத் தோட்டம் ஒன்று இருந்தது. கட்டடத்தில் எல்லோருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் மெஷின் நிலக்கீழ் அறையில் இருந்தது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். எங்கள் நாளில் உடுப்பு எடுக்கப் போன அப்பாவை அவள் அங்கே மறித்துப் பிடித்தாள். உங்கள் பூனை நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வெளியே பார்க்கிறது, எனக்கு மனம் பொறுக்கவில்லை, பூனை நடமாடப் பிறந்த பிராணி, அதைப் பூட்டி வைப்பது வதை என்றாளாம். இந்த நாட்டில் மிருகங்களுக்குச் சட்டம் இருக்கிறது என்றும் சொன்னாளாம். அப்பா ஈர உடுப்புக் கூடையோடு மேலே வந்து, கூடையை இறக்கி வைக்கவும் மறந்து அப்படியே நின்றார்.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வருடம்தான் எங்கள் குடும்பம் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தது. விண்ணப்பம் போட்டால் அயலட்டையில் விசாரிப்பார்கள் என்று தமிழ் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பயமுறுத்திக்கொண்டிருந்த காலம். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களுக்கு முதலே பாஸ்போட் எடுத்துவிட்டவர். அந்த ஒரு தகுதியால் சுவிஸ்காரரின் மனதுக்குள் இருப்பதெல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைக்கிறவர். அன்று பின்னேரமே வரவழைக்கப்பட்டார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“அத்தான், பூனையை வெளியிலை விடுங்கோ. இஞ்சத்தைச் சனம் பிள்ளையைக் கவனிக்காட்டிலும் பொறுக்கும், பூனையைக் கவனிக்காட்டிப் பொறுக்காது.”

நான் குசினி வாசலில் நின்றேன். எனக்கு நெஞ்சுக்குள் நெருப்பு எடுத்தது. வீதியில் பஸ் போகிறதே, காட்டில் நரி இருக்கிறதே, புல்வெளியில் விவசாயி மெஷினால் புல் வெட்டும்போது உள்ளே படுத்திருக்கும் மான்குட்டியே தப்பாதே, பூனை எப்படித் தப்பும் என்று கேட்டேன். எங்களுக்கு வீதியைக் கடக்கச் சொல்லித்தர ஒவ்வொரு வருடமும் பொலிஸ்காரர் வகுப்புக்கு வருகிறார், நில், பார், கேள், பிறகு நட என்கிறார், கறுவலுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். அப்பா என்னைப் பார்க்காமல், ஊர் ஓடினால் ஒத்தோட வேண்டும் என்றார். அதாவது சுவிஸ் பூனையெல்லாம் வெளியே போகிறது, ஆகவே எங்கள் பூனையும் போக வேண்டும்.

நியாயத்தைப் பாருங்கள். என்னோடு படித்த பிள்ளைகள் பாலர் வகுப்பிலிருந்தே தனியாகப் பள்ளிக்கூடம் போனார்கள். எனக்கோ மூன்றாம் வகுப்பு முடியும்வரை அம்மா கூட வந்தார், கையைப் பிடித்துக்கொண்டு. பத்து வயதிலும் அடுத்த கட்டடத்துச் சிநேகிதியிடம் போவதென்றால் அம்மா பல்கனியில் நின்று பார்ப்பார். என்னை ஒரு வீதி கடக்க விடாத வீடு, கையளவு பூனையைக் காட்டுக்கு அனுப்பத் துணிந்தது. ஊரோடு ஒத்தோட எங்கள் வீட்டில் அகப்பட்டது அது ஒன்றுதான்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டு, ஒரு சனிக்கிழமை அப்பாவும் மாமாவும் ஏணி கட்டினார்கள். கீழ்வீட்டு மனுசிக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. கோப்பி ஊற்றிக்கொண்டு வந்தாள். பூனையின் கால் வழுக்கக் கூடாதென்று பழைய தரைவிரிப்பைத் துண்டு துண்டாக வெட்டிக்கொடுத்து, ஆணி அடிக்கும் இடத்தையும் காட்டினாள். அப்பா அவளுக்கு முன்னால் சிரித்துக்கொண்டே நின்றார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முதல் கண்டதில்லை, எனக்கு அது பிடிக்கவும் இல்லை.

கறுவலுக்கு இறங்கும் எண்ணமே இருக்கவில்லை. கீழே நின்று மனுசி பூஸி, பூஸி என்று கூப்பிட்டாள். அதற்குத் தமிழ்தான் விளங்கும் என்று நான் மேலிருந்து சொன்னேன். கடைசியில் மாமா தகரத்தில் அடைத்த மீன் ரின் ஒன்றை உடைத்துப் படிக்குப் படி ஒவ்வொரு துண்டு வைத்தார். வயிறு யாரைத்தான் விட்டது. கறுவல் தின்று தின்று இறங்கிப் புல்லில் கால் வைத்தது. நான்கு பெரியவர்கள் நின்று கைதட்டாத குறை. நான் படுக்கை அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன்.

அதன்பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அதைத் தனியாக விடுவதில்லை. பள்ளிக்கூடம் முடிந்து வந்து பையை எறிந்துவிட்டு அதன் பின்னாலேயே போனேன். வேலிக்குக் கீழால் அது போனால் நானும் போனேன். சைக்கிள் நிறுத்தும் கொட்டிலுக்குள், குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால், அடுத்த கட்டடத்து நாய் கட்டியிருக்கும் இடம்வரை போனேன். வாகனக்காரரின் கண்ணில் படுவதற்காகப் பாலர் வகுப்பில் நான் போட்டுத் திரிந்த பளபளக்கும் முக்கோணப் பட்டியைத் தேடி எடுத்து அதற்குப் போட்டுப் பார்த்தேன். அது ஒரு உதறு உதறிக் கழற்றிவிட்டது. எங்கள் வகுப்புப் பையன்கள் என்னைப் பூனைக்கு மெய்ப்பாதுகாவலர் என்று பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும். பூனையைப் பெற்றவள் மாதிரித் திரிகிறாளே என்று மாமாவும் சொன்னார். அவரோடு நான் அப்போது கதைப்பதில்லை.

ஒரு நாள் அது வீதிக்கு ஓடியது. அந்தப் பக்கத்துப் புல்வெளியில் ஏதோ அசைந்திருக்க வேண்டும். நான் நிற்கவுமில்லை, பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. பின்னாலேயே ஓடினேன். பஸ் பிறேக் பிடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சாரதி கண்ணாடியைத் திறந்து தன் வாயில் வந்ததெல்லாம் சொல்லி என்னை ஏசினார். அதற்கும் மேலாகக் கேட்டது எங்கள் பல்கனியிலிருந்து அம்மா வைத்த குளறல்.

அம்மா வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். வந்த வேகத்தில் என் முதுகில் ஒன்று போட்டார். பிறகு ஒரு கையால் என்னையும், மற்றக் கையால் கறுவலையும் அள்ளினார். அதுவரை அதைத் தொட்டறியாத மனுசி. அடி வலித்தாலும் எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோசம். அப்பாடா, அம்மாவுக்கும் கறுவலில் பாசம் வந்துவிட்டது, இனி வீட்டில் எனக்கு ஓர் ஆள் துணை என்று நினைத்தேன்.

அன்று அம்மா அப்பாவிடம் ஏணியைக் கழற்றச் சொல்லிக் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் கொஞ்ச நாள்தானே, கடிதம் வரட்டும், மனுசி கோபித்தால் வீணாக ஒரு சொல் சொல்லிவிடுவாள் என்றார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்கள். எங்கள் வீட்டில் பூனை கண்ணை மூடவில்லை, அப்பாதான் மூடிக்கொண்டிருந்தார். அம்மா அதற்குமேல் வாதாடவில்லை. பத்து வயதில் எனக்கு அதுவும் கோபம். பஸ் சாரதியை விடப் பலமாகக் கத்தத் தெரிந்தவருக்கு அப்பாவிடம் மட்டும் ஏன் வாய் கட்டிப்போகிறது?

கத்துவதற்குப் பதிலாக அம்மா கோயிலுக்குப் போனார். நூல் மந்திரித்துக் கட்டினால் ஆபத்து அண்டாது என்பது அவருடைய நம்பிக்கை. எனக்கும் முன்பு அப்படிக் கட்டியிருக்கிறார். நீச்சல் வகுப்பில் பிள்ளைகள் அது என்ன கறுப்புக் கயிறு என்று கேட்டதும் நான் பல்லால் கடித்து அறுத்துவிட்டு வந்தேன். அதன்பிறகு எனக்குக் கட்டுவதை விட்டுவிட்டார். இப்போது கறுவலுக்கு நூல் என்றதும் மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வைரவர் கோயிலுக்குப் போனால் அவருடைய வாகனம் நாய், பூனையைத் துரத்தும், பிள்ளையார் கோயிலுக்குப் போனால் அவருடைய எலியை இது பிடித்துவிடும், எந்தக் கோயிலுக்கக்கா காரை விடுகிறது என்று கேட்டார். அம்மா காரில் ஏறினார். அம்மன் கோயிலுக்குத்தான் போனார்கள்.

வந்ததும் கறுவலை மடியில் வைத்து, கழுத்தில் கறுப்பு நூலைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார். நெற்றியில் திருநீறும் பூசினார். கறுத்த முகத்தில் வெள்ளைத் திருநீறோடு அது ஐயர் மாதிரி உட்கார்ந்திருந்தது. எனக்கு அன்று அம்மாவை நன்றாகப் பிடித்திருந்தது.

அடுத்த கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். எங்கள் பல்கனிப் பக்கம் பூனை கத்துவது கேட்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் பூனையிடம் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், ஏணி கீழே கடைசியாகத் திரும்பும் இடத்தில் கறுவல் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தரைவிரிப்புத் துண்டு கிளம்பி, அதன் ஆணி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஆணியில் நூல் கொழுவியிருந்தது. அம்மன் கோயில் நூல், அறாத நூல். பின்கால்கள் காற்றை உதைத்தன. எனக்கு எட்டவில்லை. நான் துள்ளினேன், மனிதர் காதால் கேட்க முடியாத குரலில் குளறினேன்.

கீழ்வீட்டு மனுசி தோட்டத்திலிருந்து செடி வெட்டும் கத்தரிக்கோலோடு வந்தாள். ஒரு கதிரையைப் போட்டு ஏறி, ஒரு கையால் கறுவலைத் தாங்கி, மறு கையால் நூலை வெட்டினாள். அது நாக்கு வெளியே தள்ளியபடி அவளுடைய மார்பில் கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு ஒரு மூச்சு இழுத்தது. இன்னொன்று இழுத்தது. கண்ணை விழித்துப் பார்த்து அவளுடைய கையைப் பிறாண்டிவிட்டு என் தோளில் பாய்ந்தது. இவ்வளவுக்கும் காரணம் அவள்தான் என்றாலும், அந்தப் பிறாண்டல் எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

அதற்குள் அம்மாவும் இறங்கி வந்துவிட்டார். மனுசி இரத்தம் வடியும் கையில் நூலைத் தூக்கிக் காட்டி ஏசத் தொடங்கினாள். அம்மாவுக்கு ஜெர்மன் அவ்வளவு விளங்காது என்பதால் என்னைச் சொல்லச் சொன்னாள். எந்த மனிதர் பூனையின் கழுத்தில் இப்படிக் கயிறு கட்டுவார், கழுத்துப்பட்டி என்றால்கூட இழுபட்டால் தானே கழன்றுவிடுகிற பட்டிதான் கட்ட வேண்டும், இதற்கும் அறிவு வேண்டாமா. ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அம்மா தனக்குத் தெரிந்த ஜெர்மன் சொல்லால் மன்னிப்புக் கேட்டார். திரும்பவும் கேட்டார். அயலட்டை முழுக்க ஜன்னலில் நின்றது.

மேலே வந்து நான் ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் சரியென்றுதான் படுகிறது. உள்ளே இருந்த பூனையை வெளியே விடச் சொன்னது மனுசி, விட்டது அப்பா, வழி சொன்னது மாமா, கழுத்தில் சுருக்குக் கட்டியது அம்மா. எல்லாப் பெரியவர்களும் சேர்ந்து அதைப் பாதுகாத்த அழகு இது. புத்தகத்தில் படித்து நான் சொன்னதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இதையெல்லாம் கத்திச் சொல்லி, மனுசி என் கையில் திணித்துவிட்டுப் போன அந்த நூலைக் குசினிக் குப்பை வாளிக்குள் எறிந்தேன்.

நூல் வாளிக்குள் விழுந்ததும் அம்மா குனிந்து, தேயிலைச் சக்கைக்கும் வெங்காயத் தோலுக்கும் இடையில் கையை விட்டுத் தேடினார்.

“பூனை சாகப் பாத்தது. உங்களுக்கு நூல்தானோ பெரிசு?” என்றேன்.

“அது குப்பையிலை கிடக்கக் கூடாது, பிள்ளை” என்றார். எடுத்துத் தண்ணீரில் அலசி, துவாயால் ஒற்றி, சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தார்.

அன்று பின்னேரம் அப்பா வேலையால் வந்து, நடந்ததைக் கேட்டு, சாப்பிடாமலே ஏணியைக் கழற்றினார். கடிதம் வரட்டும் என்று அவர் சொல்லவில்லை. கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, பூனை இனி உள்ளேதான் இருக்கும், குறை நினைக்க வேண்டாம் என்று தானே போய்ச் சொன்னார். அவள் சரி என்றாளாம். அதற்குப் பிறகு குடியுரிமை நேர்முகத்துக்கும் போய்வந்தார்கள். மாநிலங்களைப் பற்றிக் கேட்டார்கள், மலைகளைப் பற்றிக் கேட்டார்கள், நகரசபையில் யார் என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். பூனையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. ஒன்றே ஒன்றுகூட இல்லை. இதற்குத்தானா என்று நான் வீட்டில் எல்லோரையும் கேட்டேன். பாஸ்போட் வந்த சந்தோசத்தில் எல்லோரும் அதைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுவல் ஜன்னல் ஓரத்துக் கதிரையிலேயே கிழவனாகி, நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் செத்தது.

போன வருடம் அம்மாவின் பிறந்தநாளுக்கு எல்லோரும் கூடியிருந்தோம். மாமாவுக்குப் பழங்கதைகள் ஊறத் தொடங்கின. உன்ர அம்மா கோயில் ஐயருக்கே பொய் சொன்ன ஆள், தெரியுமோ என்று என்னிடம் தொடங்கினார். நூல் மந்திரிக்க முதல் ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டாராம். கறுவலுக்கு ஏது நட்சத்திரம்? பூனைக்கென்று சொல்லுங்கோ அக்கா என்று மாமா பின்னால் நின்று கிண்டினாராம். அம்மா அவருடைய காலை மிதித்துவிட்டு, என் பெயரையும் என் சதய நட்சத்திரத்தையும் சொன்னாராம். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

கேக் வெட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

“நான் பொய் சொல்லேல்லைத் தம்பி. அது போற இடமெல்லாம் இவள் போனவள். இவளுக்குக் கட்டினால் கடிச்சு அறுத்துப் போடுவாள். பூனை அறுக்காது.”

குப்பை வாளிக்குள் கையை விட்டு அன்றைக்கு அம்மா தேடியது என்ன என்று பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.